கட்டைவிரல் அளவு

சட்டையின் கை ஓர் அங்குலம் நீளமாக இருந்தது. முதலில் இஞ்ச் டேப்பைத்தான் சந்தேகப்பட்டேன். மேசை லாச்சியிலிருந்து இன்னொரு டேப்பை எடுத்து அளந்தேன். அதிலும் ஓர் அங்குலம் கூட. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சட்டையை உருவினேன், அடியிலிருந்து ஒன்று, பக்கத்து அடுக்கிலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் கை அதே அங்குலம் நீண்டிருந்தது. உடம்பின் நீளமும் அப்படியே.

அன்று சனிக்கிழமை. துணியையும் பேட்டர்னையும் எங்களிடம் தந்து தைக்கச் சொன்ன கொழும்புக் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. வந்து, தைத்த சட்டைகளில் தனக்குப் பிடித்ததை உருவி அளந்து பார்ப்பார். அளவு சரியென்றால் கையெழுத்து, லொறி, காசோலை. இல்லையென்றால் எல்லாமே எங்கள் தலையில்தான்.

எங்களுடையது ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் ரோட்டில் இருக்கிற சின்ன கார்மென்ட். பெரிய கம்பெனிகளுக்கு ஆர்டர் கூடிப்போனால் அதில் ஒரு பங்கை எங்களுக்குத் தருவார்கள். அந்த வருஷம் இந்தச் சட்டை ஆர்டரைத் தவிர அதுவும் வரவில்லை. டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்த அண்ணன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் பேச்சை எடுத்தார். கொழும்பில் பேங்கில் இருப்பவர், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவார். கட்டடத்தை ஹோட்டல் கட்டுவதற்கு ஒருவர் கேட்கிறார், பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது, வெள்ளைக்காரர்கள் அதற்காகவே வருவார்கள், நல்ல விலை. அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டார். பிறகு இரண்டு நாள் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். இந்தச் சட்டை ஆர்டர் ஒழுங்காகப் போனால் அந்தக் கம்பெனி வருஷம் முழுக்க வேலை தரும், பிறகு ஹோட்டல் பேச்சே கிடையாது. திரும்பி வந்தால் அண்ணன், நான், அப்பா மூன்று பேரும் விற்பனைக்குக் கையெழுத்துப் போடுவோம். “சரி, நான் வாக்குக் குடுக்கிறேன்” என்று சொன்னதும் அப்பாதான்.

சட்டையைக் கையில் பிடித்தபடி கட்டிங் ரூமுக்குப் போனேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் கட்டாருக்குப் போனதிலிருந்து வெட்டுகிற வேலையை அப்பாவே செய்துகொண்டிருந்தார். கடைசி லொட் துணி மேசையில் அடுக்கடுக்காக விரித்திருந்தது. அதன்மேல் கம்பெனி அனுப்பிய பேட்டர்ன் அட்டை. அப்பா அட்டையின் ஓரத்தில் இடது கைக் கட்டைவிரலைப் படுக்க வைத்து, விரலுக்கு அந்தப் பக்கம் சோக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, என்னா பண்றீங்க?”

“கண்ணு தெரியலயா? அளவு போடுறேன்.”

“அட்டைதான் அளவு. அதுக்கு வெளியில எதுக்குக் கோடு?”

அவர் நிமிரவே இல்லை. “இந்தத் துணிய வாளியில ஊற வச்சுப் பாத்தேன். சுருங்குது. நீளவாக்குல சுருங்குது. ரெண்டு தடவ துவச்சா போட்டவனுக்கு மணிக்கட்டு வெளியில நிக்கும்.”

“சுருங்குறதையெல்லாம் கணக்குப் பாத்துத்தான் அவுங்க அட்டைய அனுப்பியிருப்பாங்க.”

“எவன் சொன்னான் ஒனக்கு?”

“எவனும் சொல்லல. சொல்ல வேண்டியதும் இல்ல. குடுக்கிற அளவுக்கு வெட்டித் தச்சுக் குடுக்கணும். அவ்வளவுதான் நம்ம வேல.”

“அப்ப வாங்கிப் போடுறவன்?”

“வாங்கிப் போடுறவன் எந்த நாட்டுல இருக்கான்னாவது தெரியுமா ஒங்களுக்கு?”

“எந்த நாட்டுல இருந்தா என்னா? அவனுக்கும் கைதான இருக்கு.”

எனக்குப் பிடித்துக்கொண்டது கோபம். எங்கள் குடும்பத்தில் சொத்து கைமாறியதைவிடக் கோபம்தான் ஒழுங்காகக் கைமாறி வந்திருக்கிறது. சோக்கை அவர் விரலிலிருந்து பிடுங்கினேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கம்பெனிக்காரன் நம் தோலை உரித்துவிடுவான், அண்ணன் பேனாவோடு காத்திருக்கிறார், நீங்கள் இங்கே யாருக்கோ தானம் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். கடைசியாக, “இது ஒண்ணும் தாத்தா கட இல்ல” என்றேன்.

அப்பா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கடையப் பத்திப் பேசாத” என்றார். கம்பளிக் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனிதரின் பிடிவாதம் யாருக்கும் விளங்காது. எங்கள் கொள்ளுத்தாத்தா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணியோடு வாய்ச்சண்டை முற்றி, வேலைப் பதிவில் பேர் வெட்டித் தோட்டத்தைவிட்டு அனுப்பப்பட்டவர். போக்கிடம் இல்லாமல் ஹட்டனில் ஒரு துணிக்கடை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு மூட்டைத் துணியைத் தலையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். சேலை, வேட்டி, மழைக்குப் போர்த்துகிற கம்பளி. சில தோட்டங்களில் துரையிடம் அனுமதி கேட்டுத்தான் லயத்துப் பக்கம் போக முடியும், சிலவற்றில் நாயை அவிழ்த்து விடுவார்கள். அவருடைய கெண்டைக்காலில் நாய்க்கடித் தழும்பு இருந்ததாம். அதைக் காட்டித்தான் பெண் கேட்டாராம், இவ்வளவு பட்டவன் சோறு போடாமல் விடமாட்டான் என்று. இதை எங்கள் வீட்டில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருடைய மகன், எங்கள் தாத்தா, ஹட்டன் டவுனில் கடை போட்டார். ஒரு நாள் ஒரு அம்மா வந்து, மகள் கோயிலில் முதல்தரம் நன்மை வாங்குகிற புதுநன்மைக்கு வெள்ளைத் துணி வாங்கிப் போயிருக்கிறார். தைத்து, பெருநாளுக்கு முன்னே ஒருதரம் துவைத்துக் காயப்போட்டதில் கவுன் சுருங்கிப் பிள்ளைக்கு முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அந்த அம்மா மறுபடி பஸ் ஏறி வந்து, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, கவுனைக் கவுண்டரில் விரித்து வைத்தார். திட்டவும் இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. விரித்து வைத்துவிட்டு நின்றார். தாத்தாவுக்கு மானம் போய்விட்டது. புதுத்துணி கிழித்துக் கொடுத்தார். அன்றையிலிருந்து கஜக்கோல் முடிகிற இடத்தில் கட்டைவிரலைப் படுக்க வைத்து, விரலுக்கு அப்பால்தான் துணியைக் கிழிப்பார். கடைக்கு ஒரு பெயர்ப் பலகை இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு அது கட்டைவிரல் கடை.

தமிழருக்கு எதிரான கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. தாத்தா மறுபடி திறந்தபோது பலகை இல்லை, கஜக்கோலும் இல்லை, கதவு பாதி கரியாக இருந்ததாம். ஆட்கள் பஸ் கண்டக்டரிடம் “கட்டவெரல் கடைக்கிட்ட எறக்கி விடுங்க” என்று சொல்லி இறங்கி வந்தார்கள். அப்பா அப்போது இளந்தாரி. அந்த ஒரு வார்த்தையில்தான் தான் நிமிர்ந்ததாகச் சொல்வார். ரெடிமேட் வந்து துணிக்கடையில் ஆள் குறைந்ததும் அவர் தையல் மெஷின்களை வாங்கி இந்தக் கார்மென்டைத் தொடங்கினார். முதலில் தைத்தது தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிபோம். அதிலும் கட்டைவிரல் வைத்தார். அவருக்கு அது வியாபார தந்திரம் இல்லை, வேதம்.

வேதமோ என்னவோ, செவ்வாய்க்கிழமை வருகிறவருக்கு சென்டிமீட்டர்தான் தெரியும்.

சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம்தான் அவருக்கும் ஊர். கார்மென்ட் தொடங்கிய காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர். சட்டையை நீட்டினதுமே அவருக்கு முகம் மாறியது.

“கை நீளம்னு தைக்கிறப்பவே தெரியும் மிஸ். ஐயா கட்டவெரல் வச்சிருக்காருன்னு நெனச்சோம். யூனிபோம்ல வப்பாருதான?”

“ஏங்க்கா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“ஐயா வச்சா அது தப்புன்னு யாருக்குத் தோணும்?”

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். அகலம் சரியாகத்தான் இருந்தது. நீளம்தான் கூட. கூடினதைக் குறைக்கலாம், குறைந்திருந்தால்தான் நாசம். மணிக்கட்டில் வருகிற பட்டியைப் பிரித்து, கையை ஓர் அங்குலம் வெட்டி, அதே பட்டியைத் திருப்பித் தைக்க வேண்டும். கீழ் மடிப்பையும் அப்படியே. ஒரு சட்டைக்குச் சின்ன வேலைதான். ஆனால் அடுக்கடுக்காக அல்லவா கிடந்தது. ஞாயிறும் திங்களும் வேலை செய்தால்தான் முடியும். திங்கள் போயா வேறு, பௌர்ணமி லீவு.

“தைக்கிற பிள்ளைகள் வருவாங்களா?” என்று கேட்டேன்.

“கேட்டா வருவாங்க. எப்படி வர்றதுங்கிறதுதான் கேள்வி. சீசன் மிஸ். நல்லதண்ணி பஸ்ஸுல கால் வைக்க எடமில்ல.”

அது உண்மை. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற சீசனில், அதிலும் போயாவோடு சேர்ந்த லீவில், மஸ்கெலியா ரோட்டில் ஓடுகிற பஸ் எல்லாம் படிக்கட்டு வரை ஆள் தொங்கும். வேன் பிடிக்கலாமென்றால் எல்லா வேனும் யாத்திரைக்காரர்களைத்தான் ஏற்றும். நான் போனில் ஒவ்வொரு டிரைவராகக் கேட்டு, ஒவ்வொருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் பழைய வேனின் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு சொல் பேசாமல், அக்காவிடம், “காலையில எத்தன மணிக்கு எங்க நிக்கணும்னு சொல்லுங்க” என்றார்.

ஞாயிறு காலைப் பெரட்டுக்குப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். தோட்டத்தில் மாதிரி எங்களிடமும் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிறதற்கு அப்பா வைத்த பெயர் அதுதான். மாதா கோயிலுக்குப் போக வேண்டியவர்கள் முதல் பூசைக்குப் போய்விட்டு முக்காட்டோடு வந்திருந்தார்கள். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொன்னேன். இந்தச் சட்டை திரும்பினால் இந்த மெஷின்கள் இருக்கிற இடத்தில் ஹோட்டல் மேசை வரும் என்றும் சொன்னேன். ஒவ்வொருத்தியாக மெஷினுக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும், “ஐயாவ ஏசாதீங்க மிஸ்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அப்பா போனதும் கடைசி லொட்டை அட்டை அளவுக்கே நான் வெட்டியதும், கட்டிங் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டதும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு நாளும் யாருக்கும் தலை நிமிரவில்லை. பிரிக்கிறவர்கள் ஒரு பக்கம், வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம், திருப்பித் தைக்கிறவர்கள் ஒரு பக்கம். ஒரு சட்டை கையில் வரும்போதெல்லாம் நான் டேப்பை வைத்து அளந்தேன். அளந்ததையே மறந்துபோய் மறுபடி அளந்தேன். கொழும்பிலிருந்து அண்ணன் போன் எடுத்தார்.

“எல்லாம் சரிதான?”

“சரிதான்.”

“ஒன் கொரல் ஒரு மாதிரி இருக்கு.”

“பனிண்ணே.”

அப்பா இருட்டோடு வேனை எடுப்பார், பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குவார், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போவார். நடுவில் கென்டீனில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். பூட்டிய ரூமின் பக்கம் திரும்புவதில்லை. வீட்டிலும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. திங்கள் இரவு சாப்பிட்டு எழும்போது, “நாளைக்கு நீங்க வர வேணாம்பா” என்றேன். இன்ஸ்பெக்டரிடம் வாயைக் கொடுத்து, துணி சுருங்குகிறதென்று பாடம் நடத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை வேனில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பிப் போகாமல் கென்டீனில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சிங்களவர், சின்ன வயது, தன்மையானவர், எங்கள் இடத்துக்கு முதல்தரமாக வருகிறவர். இங்கே குளிர் அதிகம் என்று சொல்லிக் கையைத் தேய்த்துக்கொண்டார். நான்தான் சிங்களத்தில் பேசினேன். பெட்டிகளைத் தானே தேர்ந்து பிரிக்கச் சொன்னார். சட்டைகளை மேசையில் விரித்து அளந்தார். கை சரி. நீளம் சரி. அடுத்த சட்டை. அதுவும் சரி. அக்கா என் பின்னால் நின்று சிலுவை போட்டுக்கொள்வது தெரிந்தது.

அப்போது அவர் ஒரு சட்டைக் கையைப் பிடித்து, பட்டியை உள்புறமாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தையலுக்குப் பக்கத்திலேயே பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. நாங்கள் எவ்வளவோ தேய்த்து அயர்ன் பண்ணியும் சிலதில் மறையவில்லை. இன்னொரு சட்டையைத் திருப்பினார். அதிலும் இருந்தது.

“இதைப் பிரித்துத் தைத்திருக்கிறீர்கள். ஏன்?”

“கை நீளமாகிவிட்டது. சரி பண்ணினோம்.”

“எல்லாச் சட்டையிலுமா?”

“ஓம், அநேகமாக எல்லாவற்றிலும். கட்டிங்கில் வந்த பிழை.”

அவர் சட்டையை மடித்து வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பொறுமையாகத்தான் விளக்கினார். கத்தி விலகினால் ஒரு சட்டையில் பிழை வரும், எல்லாவற்றிலும் நீளம் ஒரே மாதிரி கூடியிருக்காது. யாரோ வேண்டுமென்றே பேட்டர்னுக்கு வெளியே கோடு போட்டிருக்கிறார்கள். வேலையாள் ஒருவர் தெரியாமல் அப்படிச் செய்து, நீங்கள் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தால் அது பெரிய விஷயமில்லை, ஊசித் துளையும் ஒரு துவையலில் மூடிவிடும். ஆனால் முதலாளிமாரே எங்கள் பேட்டர்னை மாற்றியிருந்தால், அப்படிப்பட்ட இடத்துக்கு எங்கள் கம்பெனி வேலை கொடுக்காது. இந்தச் சட்டையையும் எடுக்காது. இதைச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“யார் செய்தது, மிஸ்?”

அப்பா என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. வேலையாள் என்று சொன்னால், எந்த வேலையாள், கூப்பிடுங்கள் என்பார். யாரைக் கூப்பிட்டுக் காட்டுவேன்? துணி விரிக்கிற பெண்ணையா? அவள் அடுத்த மெஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். என்னையே சொல்லலாமென்றால் நானும் முதலாளிதான்.

“நான்தான், மாத்தயா.”

அப்பாவின் குரல். கென்டீன் பக்கத்துக் கதவால் வந்திருந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு, கட்டிங் ரூமில் போடுகிற பழைய நீல ஓவரோலை மாட்டியிருந்தார். சிங்களம் அவருக்குக் கடையிலேயே வளர்ந்த பேச்சு, என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். அன்று அதை அவர் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசினார்.

“நான் இங்கே துணி வெட்டுகிறவன், மாத்தயா. யூனிபோம் வெட்டிப் பழக்கம். கவனமில்லாமல் கூட்டி வெட்டிவிட்டேன். என்னுடைய தப்பு. மிஸ்ஸுக்குத் தெரியாது. தெரிந்ததும் என்னைக் கட்டிங்கிலிருந்து எடுத்துவிட்டார்.”

தப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. வேனைக் கொண்டுபோய் மதகில் மோதின நாளில்கூட மதகு ரோட்டுக்குள் வந்திருக்கிறது என்றுதான் சொன்னார். அந்தக் கட்டைவிரலை அவர் தப்பு என்றார், அதுவும் எல்லோர் முன்னாலும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சிங்களம் விளங்கும், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா, மிஸ்?”

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளாகப் பார்க்காத அளவுக்குப் பார்த்தார். சொல்லு, என்று அந்தப் பார்வை என்னை அதட்டியது.

“ஓம்” என்றேன். “இவர்தான்.”

“வயது போய்விட்டதே. கண் சரியாகத் தெரிகிறதா, ஐயா?”

“முன்னைப்போல இல்லை, மாத்தயா.”

இருட்டில் வேனை எடுத்து, மஸ்கெலியா வளைவெல்லாம் ஓட்டிக் கொண்டுவருகிற மனிதர் இதைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். என்னிடம் குரலைத் தாழ்த்தி, பாவம், ஏதாவது கொடுத்து மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், இனிமேல் கத்திக்குப் பக்கத்தில் விடாதீர்கள் என்றார். நான் சரியென்றேன். வேறு என்ன சொல்வேன்? அப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த கதவாலேயே போனார். இன்ஸ்பெக்டர் இன்னும் சில பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார், பிறகு பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆர்டருக்கான துணி அடுத்த மாதம் வருமென்றும் சொன்னார். அக்கா என் கையைப் பிடித்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வேலை முடிகிற மணி அடித்தபோதும் இன்ஸ்பெக்டர் போகவில்லை. மலையிலிருந்து திரும்புகிற பஸ்ஸும் வேனுமாக ரோடு அடைத்திருந்ததால் அவருடைய வாகனம் வெளியே எடுக்க முடியாமல் கேட்டுக்குள்ளேயே நின்றது. அவர் கேட்டருகில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் மரியாதைக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கேதான் வேலையாட்களைச் சோதித்து வெளியே விடுவோம். துணி, நூல் எதுவும் வெளியே போகக் கூடாதென்பது கம்பெனிக்காரர்களின் கண்டிஷன். பெண்களை ஒரு பெண் பார்ப்பாள், ஆண்களைச் செக்குரிட்டி தம்பி பார்ப்பான். அப்பாவும் நானும் ஒரு நாளும் அந்த வழியாகப் போனதில்லை. ஆபீஸ் வாசலால்தான் போவோம், வருவோம்.

அன்று அப்பா வரிசையில் நின்றார். அந்த ஓவரோலோடு, கையில் குடையோடு, இரண்டு அயர்ன்காரர்களுக்குப் பின்னால் நின்றார்.

அவர் முறை வந்ததும் செக்குரிட்டி தம்பிக்குக் கை ஓடவில்லை. அவனுக்கு வேலை போட்டுக் கொடுத்ததே அப்பாதான். காலையில் அவர் வேன் நுழையும்போது சல்யூட் அடிக்கிறவன். தயங்கி என்னைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் போனைக் காதில் வைத்தபடி எங்களைப் பார்த்தார்.

“பாருங்க தம்பி” என்றார் அப்பா, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “எல்லாரையும் பாக்குறீங்கதான.”

“ஐயா...”

“மிஸ்ஸக் கேளுங்க.”

அவன் கேட்கவில்லை. கண்ணால்தான் கேட்டான்.

“செக் பண்ணுங்க” என்றேன்.

அப்பா குடையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். தம்பி அவருடைய பைகளைத் தட்டிப் பார்த்தான். ஒன்றில் ஜெபமாலை இருந்தது, ஒன்றில் கைக்குட்டை. இரண்டையும் திருப்பிக் கொடுத்தான். அப்பா அவற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். வேன் உள்ளே முற்றத்தில் நின்றது. துணி வெட்டுகிறவர் முதலாளி வேனில் ஏற முடியாது. பிள்ளைகளும் அதைப் பார்த்துவிட்டு வேனிடம் போகாமல் அவருக்குப் பின்னாலேயே பஸ் நிற்கிற இடத்துக்குப் போனார்கள். ஹட்டனுக்குப் போகிற பஸ் ஒன்று நிரம்பி வழிந்து வந்தது. அப்பா கம்பியைப் பிடித்துப் படியில் தொற்றினார். யாரோ அவர் குடையை வாங்கிக்கொண்டார்கள்.

போன் அடித்தது. அண்ணன்.

“என்னா ஆச்சு?”

“பாஸ்” என்றேன்.

அவர் சிரித்தார், நல்ல மனதோடுதான் சிரித்தார். “மனுசன் ஜெயிச்சிட்டாரு. சரி, இனி நான் ஹோட்டல் பேச்சே எடுக்கல. போன அப்பாகிட்ட குடு.”

“அப்பா இங்க இல்லண்ணே” என்றேன். “வேல முடிஞ்சு போயிட்டாரு.”